ஊராட்சியும் ஊராரும்

முன்னுரை

ஒரு நாடு சுதந்திரம் எய்தும் நாளிலே கொடி மாறுகின்றது, கீதம் மாறுகின்றது, ஆளுவோர் பெயரும் மாறுகின்றது. ஆனால் அந்நாட்டின் ஏழைக் குடிமகன் அரசாங்கத்தை எங்கே காண்கிறான்? விதானையாரின் திண்ணையிலே காண்கிறான். கச்சேரி வாசலிலே காண்கிறான். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்துக்காகக் காத்திருக்கும் வாங்கிலே காண்கிறான். "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவேண்டும்" என்று நம் பாட்டிமார் சொல்லும் பழமொழி நிருவாகத்துக்கும் பொருந்தும். பாராளுமன்றம் கொடுக்கும் வரம் குடிமகன் கைக்கு வந்து சேருவதும், இடைவழியில் நின்றுவிடுவதும் ஊர்மட்ட நிருவாகத்தின் செயலாகும்.

இலங்கை 1948ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள் சுதந்திரம் பெற்றது. அதற்குச் சற்று முன்னும் அதன் பின்னும் நிருவாகத்தையும் ஊராட்சியையும் திருத்துவதற்குப் பல முயற்சிகள் நடந்தன. பதவிகள் ஒழிக்கப்பட்டன, புதிய பதவிகள் தோன்றின, சபைகள் பிறந்தன, மடிந்தன, மீண்டும் பிறந்தன. இவற்றையெல்லாம் கண்டிப் பகுதியில் வாழும் நாம் ஒரு கேள்வியை முன்வைத்து நோக்குதல் வேண்டும். ஊராட்சி என்று பேசிய சட்டங்கள் ஊரார் என்று யாரைக் கணக்கிட்டன? இக்கேள்விக்கு வரலாறு தரும் விடையைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மன்னர் காலத்து ஊர்ச்சபை

கண்டி இராச்சியத்தின் தூரப் பிரதேசங்கள் திசாவனிகள் எனப்பட்டன. அவற்றைத் திசாவை என்னும் பிரதானிகள் நிருவகித்தனர். தலைநகரைச் சூழ்ந்த பிரதேசங்களோ "ரட்ட" என வழங்கின. உடுநுவர, யட்டிநுவர, தும்பனை, ஹாரிஸ்பத்துவ, தும்பறை, ஹேவாஹெட்ட முதலிய பெயர்கள் இன்றும் நம் காதில் விழுவன. இவற்றுக்குத் தலைவராயிருந்தவரே பிற்காலத்தில் ரட்டே மகாத்மயா என்று அழைக்கப்பட்டவர். அவருக்குக் கீழே கோறளைகளும், ஆரச்சிமாரும், விதானைமாரும் இருந்தனர்.

இந்த அதிகார வரிசைக்குப் பக்கத்திலே கம்சபா என்னும் ஊர்ச்சபை ஒன்றும் இருந்து வந்தது. ஊரின் முக்கியஸ்தர்கள் மரத்தடியிலோ அம்பலத்திலோ கூடுவார்கள். வரப்புத் தகராறு, வாய்க்கால் தண்ணீர், கடன், சிறு களவு முதலியவற்றை விசாரித்து இரு பகுதியாரையும் இணங்கச் செய்வார்கள். கண்டி இராச்சியத்தின் அரசியலமைப்பைப் பற்றி எழுதிவைத்த ஆங்கில அதிகாரி ஜோன் டொயிலி, இச்சபையைப் பற்றியும் இதற்கு மேற்பட்ட ரட்டசபாவைப் பற்றியும் விவரித்திருக்கிறார்.

இச்சபையைப் பொற்காலமாகக் கற்பனை செய்தல் தவறு. நிலமும் குலமும் உடையோரின் குரலே அங்கு ஓங்கி ஒலித்தது. எனினும் அதிலே ஒரு நன்மை இருந்தது. தீர்ப்புச் சொல்பவன் அதே ஊரில் வாழ்ந்தான். அதே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சினான். அநியாயத் தீர்ப்புச் சொன்னால் மறுநாட் காலையில் அதே முகங்களில் விழிக்கவேண்டியவனாயிருந்தான்.

ஆங்கிலேயர் கைக்கு மாறியபின்

1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் செய்யப்பட்ட உடன்படிக்கையின் மூலம் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. பிரதானிகளின் உரிமைகளும் நாட்டு வழக்கங்களும் பாதுகாக்கப்படும் என்று அதில் வாக்களிக்கப்பட்டது. 1818ஆம் ஆண்டின் கிளர்ச்சி அடக்கப்பட்ட பின்னர், அவ்வாண்டு நவம்பர் 21ஆம் நாட் பிரகடனம் அவ்வாக்குறுதியைப் பெரிதும் சுருக்கிவிட்டது. பிரதானிகளின் அதிகாரம் ஆங்கில ஏசண்டுமாரின் கீழ் வந்தது. 1832இல் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிந்தது. கோல்புறூக்கின் சிபாரிசுப்படி 1833இல் இலங்கை முழுவதும் 5 மாகாணங்களாக வகுக்கப்பட்டது.

இராசகாரிய ஒழிப்பு மனித குலத்துக்கு நன்மையே. ஆனால் அதனோடு ஒட்டியிருந்த வாய்க்கால் வெட்டுதலும் அணைக்கட்டுதலும் கேட்பாரற்றுப் போயின. பழைய கட்டாயத்தின் இடத்திலே ஊராரின் சம்மதத்தை வைத்து வளர்த்திருக்க வேண்டும். அப்படிச் செய்ய எவருக்கும் தோன்றவில்லை.

சம்மதம் கேளாத அரசாங்கத்தின் விளைவை 1848இல் மாத்தளை காட்டியது. தேசாதிபதி டொறிங்டன் பிரபு துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தார். 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு 6 நாள் தெருவேலை செய்யவேண்டும், அல்லது 3 சிலிங் செலுத்தவேண்டும் என்றும் விதித்தார். தெருக்களோ பெரும்பாலும் கோப்பித் தோட்டங்களுக்கே பயன்பட்டன. யூலை மாதத்தில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். இராணுவச் சட்டம் பிறந்தது. புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆம் நாள் கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டான். டொறிங்டனும் 1850இல் திருப்பி அழைக்கப்பட்டார். நம் ஊரைக் கடந்து மாத்தளைக்குப் போகும் நெடுஞ்சாலையிலே இன்று பஸ்வண்டியில் சௌகரியமாக அமர்ந்து செல்கின்றோம். அம்முனையிலே நடந்த இச்சரித்திரம், ஊராரைக் கேளாமல் ஊருக்கு வரி வைத்தவன் நிலைப்பதில்லை என்பதைச் சொல்லிக் கொண்டிருக்கிறது.

இதன் பின்னரே ஆங்கிலேயர் பழைய ஊர்ச்சபையைத் தேடினர். 1856இல் தேசாதிபதி ஹென்றி வாட் நீர்ப்பாசனத்திற்காக அதற்கு உயிர் கொடுத்தார். 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கொழும்பும் கண்டியும் மாநகர சபைகளைப் பெற்றன. 1871ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் கிராமச் சபைகளையும் கிராம நியாய மன்றங்களையும் நிறுவியது. பெயர் ஊராருடையது, பிடியோ அரசாங்கத்தினுடையது. சபையைக் கூட்டுவித்தவர் அரசாங்க ஏசண்டர். தலைமை வகித்தவர் பிரதம தலைமைக்காரர்.

தலைமைக்காரர் ஆட்சி

அக்காலத்தில் ஊரிலே அரசாங்கம் என்றால் விதானையே. பதவிக்குக் குடும்பமும் சொத்தும் செல்வாக்கும் பார்க்கப்பட்டன. பொலிசுக்கு முறையிடவும், காணிக்கு உறுதி சொல்லவும், நற்சாட்சிப் பத்திரம் தரவும் அவரே அதிகாரி. நல்ல மனிதர்கள் அப்பதவியிலே இருந்ததுண்டு. ஆனால் நல்லவர் கிடைப்பதும் கெட்டவர் வாய்ப்பதும் ஊரின் தலைவிதியாகவே இருந்தன; அவரை மாற்றும் உரிமை ஊராருக்கு இல்லை.

லெனாட் வூல்ப் என்னும் ஆங்கில சிவில் சேவையாளர் 1907 முதல் 1908 வரை கண்டிக் கச்சேரியிலும், பின்னர் 1911 வரை அம்பாந்தோட்டையிலும் கடமையாற்றியவர். உத்தியோகத்தைத் துறந்தபின் 1913இல் அவர் வெளியிட்ட நாவலிலே, ஒரு சிறு கிராமத்தின் தலைமைக்காரன் ஏழைக் குடும்பம் ஒன்றை எவ்வாறு நசுக்கினான் என்பதே கதை. ஆட்சி செய்தவரே அவ்வாட்சிக்கு எதிராகச் சொன்ன சாட்சியம் அது.

1930ஆம் ஆண்டுகளின் பிற்பகுதி தொடக்கம் ரட்டே மகாத்மயா, முதலியார் போன்ற பிரதம தலைமைக்காரரின் இடத்திலே காரியாதிகாரிகள் நியமனம் பெற்றனர். 1963ஆம் ஆண்டிலே இரு பெரிய மாற்றங்கள் நிகழ்ந்தன. பழைய சிவில் சேவை ஒழிந்து இலங்கை நிருவாக சேவை தோன்றியது. ஊரிலே விதானைப் பதவி ஒழிந்து கிராம சேவகர் பதவி வந்தது. விதானை குடும்பத்தால் வந்தவர். கிராம சேவகர் தகுதி பார்த்துத் தெரியப்பட்டவர், சம்பளம் பெறுபவர், இடமாற்றம் பெறக் கூடியவர். பெயரே "சேவகர்" என்றாயிற்று. சுதந்திர இலங்கை செய்த நற்சீர்திருத்தங்களுள் இதுவும் ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை.

தோட்டமென்னும் தனித்தீவு

நிற்க, இதுவரை கூறிய கதையிலே நம்மவருட் பெரும்பான்மையோரின் முன்னோர்கள் எங்கே இருந்தனர் என்று பார்ப்போம்.

திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் அவர்கள். 1869 தொடக்கம் இலைநோய் கோப்பியை அழித்தபோது, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கண்டி மாவட்டத்து லூல்கந்துரையிலே 1867இல் ஜேம்ஸ் டெயிலர் வைத்த தேயிலை, அவர்களின் உழைப்பினால் நாட்டின் பெருஞ் செல்வமாயிற்று.

ஆனால் சட்டத்தின் கண்ணிலே தோட்டம் ஊராக மதிக்கப்படவில்லை. அங்கே விதானை துரையே, நீதவானும் அவரே, தபாற்காரனும் ஒருவகையில் அவரே, ஏனெனில் கடிதம் தோட்டத்துக் கந்தோருக்கே வந்து சேர்ந்தது. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்படும் வரை, துண்டில்லாத தொழிலாளிக்கு வேறு தோட்டத்தில் வேலையும் கிடையாது.

கிராமச் சபைகளின் பழைய சட்டங்கள் ஐரோப்பியரையும் பறங்கியரையும் தோட்டத் தொழிலாளரையும் வாக்காளர் வட்டத்துக்கு வெளியே வைத்திருந்தன. 1931இல் டொனமூர் அரசியல் திட்டம் 21 வயது வந்தோருக்கு வாக்குரிமையை வழங்கியபோது, நிரந்தரக் குடியிருப்பை நிரூபித்த இந்திய வமிசாவளியினர் பலரும் அரசாங்க சபைக்கு வாக்களித்தனர். சில ஆண்டுகளில் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டது. உள்ளூராட்சி மந்திரியாயிருந்தவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா. சபைக்குத் தலைவரைச் சபையே தெரிவு செய்யலாம் என்ற நல்ல மாற்றம் அப்போது வந்தது. ஐரோப்பியரும் பறங்கியரும் வாக்காளராயினர். தோட்டத் தொழிலாளர் மாத்திரம் வெளியே நின்றனர். இந்திய அரசாங்கம் கண்டித்தபின் சட்டத்தின் வாசகம் இனப்பெயர் நீங்கியதாய்த் தோட்டத்தில் வசிக்கும் தொழிலாளர் என்று மாறியது, பலன் மாறவில்லை.

இது எத்துணை விநோதமானது என்பதைச் சிந்தித்தல் வேண்டும். நாட்டை ஆளும் சபைக்கு வாக்களிக்கத் தகுதியுடைய ஒருவன், தன் லயத்துக்குப் பக்கத்திலுள்ள வழியையும் கிணற்றையும் பற்றிப் பேசும் சபைக்கு வாக்களிக்கத் தகுதியற்றவனானான்.

சுதந்திரத்தின் பின் மற்றைய வாக்கும் போயிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் அவ்வாக்காளரை நாடற்றவராக்கின. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பிற்பாடு தீர்மானிப்பதற்கு. ஒரு கிராம சேவகர் பதவி உண்டாகி ஊர் நிருவாகம் திருந்திய மறு ஆண்டிலேயே, இலட்சக்கணக்கான மக்கள் எந்த ஊராருமல்லர் என்பது இரு அரசாங்கங்களால் எழுத்தில் வைக்கப்பட்டது. 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களே அவ்வநியாயத்தை முடித்து வைத்தன.

சபைகள் மடிந்ததும் பிறந்ததும்

மறுபக்கத்திலே, அதிகாரத்தை ஊருக்குக் கொடுக்கும் முயற்சியும் தடுமாறிக் கொண்டேயிருந்தது. 1955இல் சொக்ஸி கொமிஷன் உள்ளூராட்சியை ஆராய்ந்து அறிக்கை தந்தது. அதன் சிபாரிசுகளிற் பல நிறைவேறவில்லை. 1957 யூலை 26இல் பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம் பிரதேச சபைகளை வாக்களித்தது. 1958 ஏப்ரலில் கைவிடப்பட்டது. 1965 மார்ச் 24இல் டட்லி–செல்வநாயகம் ஒப்பந்தம் மாவட்ட சபைகளை வாக்களித்தது; அதுவும் கைவிடப்பட்டது. 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தபோது, பழைய கிராமச் சபைகளும் பட்டின சபைகளும் முற்றாக ஒழிக்கப்பட்டன. பல்லாண்டு வாழ்ந்த சபைகளுக்கு ஒரு நினைவுக் கூட்டந்தானும் நடக்கவில்லை போலும். 1991இல் பிரதேச சபைகளுக்குத் தேர்தல் நடக்கும் வரை, சுமார் 10 ஆண்டுக் காலம் கிராமப்புற மக்களுக்குத் தாம் தெரிந்தெடுத்த ஊராட்சிச் சபையே இருக்கவில்லை.

நிருவாக மொழியின் வரலாறும் இதனோடு சேர்ந்ததே. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரச கரும மொழியாக்கியது. 1987இல் தமிழும் அரச கரும மொழி என அரசியலமைப்பு ஏற்றது. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் நிருவாகத்தில் தமிழின் இடத்தை விரித்துரைத்தது. இடைப்பட்ட 30 ஆண்டுகளில், தான் வாசிக்கமுடியாத கடதாசியிலே கைநாட்டு வைத்த தமிழ்க் கிழவர்கள் எத்தனை பேர் என்பதை எந்த அறிக்கையும் கணக்கிடவில்லை.

பிரதேச சபைச் சட்டம் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம். தோட்ட மக்களும் அச்சபைகளுக்கு வாக்களித்தனர், உறுப்பினராயினர், தவிசாளர்களுமாயினர். ஆயினும் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளிலே சபைப் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாயிருந்தது. வாக்குக் கேட்டுத் தோட்டத்துக்குள் வரலாம். தெரு வெட்ட வரலாகாது என்ற நிலை அது. அத்தடையை நீக்கும் திருத்தம் 2018இலேயே நிறைவேறியது. அதே ஆண்டு பெப்ரவரித் தேர்தலின்போது நுவரெலியா, அம்பகமுவ என்னும் மிகப் பெரிய 2 பிரதேச சபைகளும் 6 சபைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. 1871ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து எண்ணினால், தோட்டமும் ஊரே என்று சட்டம் ஒப்புக்கொள்ள 147 ஆண்டுகள் சென்றன.

குடவோலை தரும் பாடம்

ஊராட்சியைப் பற்றிப் பேசும் தமிழர் உத்தரமேரூரை மறப்பதில்லை. காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள அவ்வூரிலே, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், சுமார் கி.பி. 919–921இல் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்பட்டன. ஒரு சிறுவன் ஓலையை எடுத்தான். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி தெரிவாக முடியாது. நம் கோயிற் பரிபாலன சபைகளிலும் சங்கங்களிலும் இவ்விதி ஒன்றையாவது கடைப்பிடித்தால் பாதிச் சண்டை தீரும்.

எனினும் அக்கல்வெட்டை முழுமையாகப் பார்த்தல் வேண்டும். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையிலே கட்டிய வீடும் உடையவனே தகுதியுடையவன். அந்தணர் சபை அது. உழுதவனுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. இக்காலத்துக்கு அதைக் கொண்டுவந்து பார்த்தால், சொந்த மனையற்று லயத்தில் வாழ்பவன் பெயர் குடத்துக்குள்ளேயே போயிராது. கணக்குக் காட்டும் ஒழுக்கத்தை நாம் உத்தரமேரூரிலிருந்து கற்கலாம். ஊரார் யார் என்பதற்கு அது வைத்த அளவுகோலைக் கற்கலாகாது. பாரதநாடும் 1992ஆம் ஆண்டின் 73ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தினால் இதைத்தான் செய்தது. ஊராட்சிக்குப் பழைய பஞ்சாயத்துப் பெயரை வைத்துக்கொண்டு, பெண்களுக்கு மூன்றிலொரு பங்குக்குக் குறையாத இடமும் தாழ்த்தப்பட்டோருக்கு அவர்தம் தொகைக்கேற்ற இடமும் ஒதுக்கியது.

ஒரு மறுப்பும் விடையும்

"சபை என்றால் கட்சிச் சண்டை, ஒரு நல்ல உத்தியோகத்தரிடம் விட்டால் காரியம் நடக்கும்" என்று பெரியோர் சிலர் சொல்வதுண்டு. அவர்கள் அனுபவத்தால் சொல்கிறார்கள், அலட்சியம் செய்யலாகாது. திறமையான உத்தியோகத்தர் இன்றிச் சபையால் ஒரு மதகும் கட்டமுடியாது. ஆனால் 2023ஆம் ஆண்டு மார்ச்சில் நாடெங்கும் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தபோது நிகழ்ந்ததைக் கவனிக்கலாம். பணமில்லை என்று தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. 2025 மே 6ஆம் நாள் தேர்தல் நடக்கும் வரை 2 ஆண்டுகளுக்கு மேலாகச் சபைகளை உத்தியோகத்தரே நடத்தினர். தேர்தலை நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. உத்தியோகத்தர் எவ்வளவு நல்லவராயினும், தெருவிளக்கு எரியாவிட்டால் அடுத்த தேர்தலில் அவரை நாம் கேள்வி கேட்க முடியாது. விதானைக் காலத்துக் குறையும் அதுவே. ஆளை மாற்றியதால் அக்குறை தீர்ந்துவிடவில்லை.

முடிவுரை

வரலாற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். விதானை போய்க் கிராம சேவகர் வந்தார். அவரும் பின்னர் கிராம உத்தியோகத்தரானார். காரியாதிகாரி போய்ப் பிரதேச செயலாளர் வந்தார். கிராமச் சபை போய்ப் பிரதேச சபை வந்தது. இவையெல்லாம் ஆளும் பக்கத்தில் நிகழ்ந்த திருத்தங்கள். ஆளப்படும் பக்கத்தில், ஊரார் யார் என்ற கேள்விக்கு நேரான விடை தருவதே எல்லாவற்றிலும் பிந்தி வந்த திருத்தம். தோட்டத்தான், நாட்டான், கடைக்காரன் என்ற பேதமின்றி, ஒரே மழையில் நனைந்து ஒரே தெருவில் நடப்பவர் எல்லோரும் ஒரே ஊரார் என்பதைச் சட்டம் இப்போது ஏற்றுக்கொண்டிருக்கிறது.

சட்டம் வரம் கொடுத்துவிட்டது. பூசாரியிடம் கேட்டு வாங்குவது நம் கடமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பிரதேச சபையிடம் எந்தக் கணக்கையும் தமிழிலே எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவைச் சபை 14 வேலைநாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். எங்கள் வட்டாரத்துக்கு இவ்வாண்டு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, அதில் லயங்களிருக்கும் பக்கத்துக்கு எவ்வளவு சென்றது என்று ஒரு விண்ணப்பம் எழுத எவ்வளவு நேரம் செல்லும்? சங்கத்தின் வாலிபர்கள் மாதம் ஒருவராய் முறைவைத்து எழுதலாம். எழுதத் தெரியாத முதியவருக்குப் பக்கத்திலிருந்து படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். சிங்கள, முஸ்லிம் அயலவர்களையும் உடனழைத்துக் கேட்டால் கேள்விக்கு வலிமை மிகும். வாய்க்காலும் தெருவும் அவர்களுக்கும் பொதுவே.

நம் முன்னோர்கள் கேட்க உரிமையின்றி வாழ்ந்தார்கள். உரிமை கையில் இருந்தும் கேளாமலிருந்தால், அவர்களை வெளியே நிறுத்திய சட்டங்களின் வேலையை நாமே செய்து முடித்தவர்களாவோம்.